பித்தளைக்குச் சண்டை, கடதாசிக்குக் கறையான்

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய வீட்டை ஒதுக்க வெளிக்கிட்டால் முதலில் சண்டை வருவது பித்தளைக்குத்தான். பொங்குகிற பெரிய கிடாரம் யாருக்கு, பெரிய குத்துவிளக்கு யாருக்கு, இருக்கிற மூக்குப்பேணிகளில் அம்மப்பா பால் குடித்தது எது என்று வட்ஸ்அப்பில் குரல்கள் உயரும். அதே நேரம் பின்வளவில் உதவிக்கு வந்த பெடியன் "அக்கா, இந்தப் பேப்பருகளைக் கொளுத்தவோ?" என்று கேட்பான். ஓமென்று தலையாட்டிவிட்டுத் திரும்பவும் கிடாரத்துக்கு வந்துவிடுவோம். எனக்கு இது முழுக்கத் தலைகீழாகப் படுகிறது. பித்தளைக்கு நூறு வருடத்திலும் ஒன்றும் ஆகாது, வேண்டுமென்றால் கடையிலும் வாங்கலாம். கடதாசிக்கு ஒரு மாரி போதும்.

அம்மாவின் வீட்டை இந்த வருடம் ஒதுக்கினேன். கோண்டாவிலில் பெரிய விறாந்தையும் தனிக் குசினியும் வைத்த பழைய வீடு. அம்மா இல்லை, ஓடு மாற்றவேண்டும், மாற்றிய பிறகு ஒரு குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுக்கலாம் என்று முடிவு. அண்ணா கனடா, அக்கா லண்டன், மிஞ்சியது நான். இங்கே பாதி வீடுகளின் கதை இதுதான்: சாமான் ஊரில், அதைப் பற்றிய அபிப்பிராயம் வெளிநாட்டில்.

தொடங்குவதற்கு முன் யூரியூப்பில் கொஞ்சம் பார்த்தேன். ஆறு மாதம் தொடாத சாமானை எறி, ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போகவேண்டும், மனதுக்குச் சந்தோசம் தராததை வைத்திருக்காதே என்று வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்று சொல்கிறார்கள். கடைகளால் நிறைந்த ஊருக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டுக் காணி உறுதியை முப்பது வருடமாக ஒருவரும் தொடவில்லை, அது ஒருவருக்கும் சந்தோசமும் தரவில்லை. எறியலாமா? வலிகாமம் வடக்கில் 1990 இல் வீட்டைவிட்டு வெளிக்கிட்ட சனத்துக்குப் போர் முடிந்த பிறகு இராணுவத்திடமிருந்து காணி துண்டு துண்டாக விடுபட்டபோது, வேலியும் இல்லை, வீடும் இல்லை, எல்லைக் கல்லும் இல்லை. பற்றைக் காட்டுக்குள் நின்று இது என்னுடையது என்று காட்ட உறுதியும் பழைய வரி ரசீதும்தான் இருந்தன. றங்குப்பெட்டிக்கு அடியில் மடித்து வைத்த, ஒருவரும் விரித்துப் பார்க்காத கடதாசிகள் அவை.

இந்த ஊரில் சாமானை எறிய மனம் வராததற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று வெளியூர்க்காரர் நினைக்கிறார்கள். காரணம் வேறு. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, வலிகாமம் முழுவதும் மழைக்குள் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. நாவற்குழிப் பாலம் தாண்ட இலட்சக்கணக்கான சனம் அங்குலம் அங்குலமாக நின்று போனது. அம்மா எப்போதும் எடுத்துக்கொண்டு ஓடுவதற்கென்று ஒரு பை கட்டி வைத்திருப்பா: உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், எங்கள் றிப்போட்டுகள், நகை, ஒரு அல்பம். கொண்டுபோக முடியாத பித்தளையை எல்லாம் அப்பா கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கினார். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கதவு இருந்தது, கதிரைகள் இல்லை. அலுமாரி இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. கிணற்றுக்குள் கிடாரம் பாசி பிடித்துப் பத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு அந்தக் கிடாரம் கிடாரமாக இல்லை, தப்பி வந்த ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது. அம்மாவும் பிறகு ஒன்றையும் எறிந்ததில்லை. ஹோர்லிக்ஸ் போத்தல், பால்மா ரின், சொப்பிங் பை, சாறத்தின் கிழிந்த பாதி, எல்லாம் குசினிப் பரணில் இருந்தன. ஜாம் போத்தல்கள் மட்டும் ஒரு தனி வரிசை. இன்றைய பிள்ளைகளுக்கு அது அடைசல். மின்சாரமும் இல்லாமல் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் இருந்த தொண்ணூறுகளில் ஜாம் போத்தல்தான் விளக்கு. அடியில் பஞ்சை வைத்து, அதில் கொஞ்ச எண்ணெயை நனையவிட்டுத் திரி போட்டால் போத்தலே சிம்னியாகிவிடும், காற்றுக்கும் லேசில் அணையாது, விடியும்வரை படிக்கலாம். அப்படிப் படித்துத்தான் அண்ணா ஏ.எல். எடுத்தார். ஆனாலும் அந்த வரிசை முழுவதையும் வைத்திருக்க எனக்கு நியாயம் தெரியவில்லை. உள்ளே கரி படிந்த போத்தல் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதைப் போத்தல் வாங்க வருகிறவருக்குக் கொடுத்தேன். தப்பி வந்தது என்பது ஒரு சாமானை மதிக்கப் போதும், அதைக் காலம் முழுக்கச் சுமக்கப் போதாது.

பிறகு ஒரு விதி போட்டேன், குடும்பக் குழுவில் எழுதியும் விட்டேன்: வைக்கச் சொல்பவர்தான் எடுத்துக்கொண்டு போகவேண்டும். அண்ணா உடனே அழைத்தார்.

"கிடாரத்தை வித்துப்போடாதை. நான் வரேக்கை பாப்பம்."

"எப்ப வாறியள்?"

"லீவு கிடைச்சா அடுத்த வரியம், நல்லூர்க் கொடியேத்தத்துக்கு."

"கொண்டுபோய் எங்கை வைப்பியள்?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பேஸ்மன்டிலை" என்றார். பின்னால் அண்ணி சிரிப்பது கேட்டது.

அந்தச் சிரிப்போடு கிடாரத்தின் வழக்கு முடிந்தது. அதை ஊர்க்கோவில் மடைப்பள்ளிக்குக் கொடுத்தோம். உள்ளே ஈயம் பூசி, திருவிழாவுக்கு அதில் பொங்குகிறார்கள், அண்ணாவுக்குப் படம் அனுப்பினேன், அவரும் தன் முகநூலில் போட்டார். மூக்குப்பேணிகள் ஆளுக்கொன்று. கைப்பையில் போகக்கூடிய சாமானுக்கு ஒருநாளும் பெரிய பிரச்சினை வருவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். குத்துவிளக்கு அக்காவின் மகளுக்கு. தையல் மெசின் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு, அவள் அதில் சட்டை தைத்துக் கொடுத்துச் சம்பாதிக்கிறாள். சுளகும் கடகமும் நீத்துப்பெட்டியும் கேட்டு ஒரு கபே நடத்துகிறவர் வந்தார், சுவரில் மாட்டப்போகிறாராம். கடகத்தைச் சுவரில் மாட்டுவதைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு, அதை விடுங்கள், கொடுத்துவிட்டேன். பழைய ஏர், தராசு, பெட்டகம் போன்றவற்றை வைத்திருப்பவர்கள் நாவற்குழியில் சிவபூமி அறக்கட்டளை நடத்துகிற அரும்பொருள் காட்சியகத்தையும் யோசிக்கலாம், வீட்டுப் பாவனைச் சாமான்களை அங்கே அழகாக வைத்திருக்கிறார்கள்.

அம்மாவின் கூறைச்சேலை அக்காவுக்கும் எனக்கும் நடுவில் நின்றது. அதைப் பற்றி நீட்டி எழுதப் போவதில்லை, அது இப்போது அக்காவிடம். ஒன்று மட்டும்: பட்டுச்சேலை வைத்திருப்பவர்கள் பூச்சி உருண்டையைச் சேலைக்குள் நேரே போடாதீர்கள், சரிகை கறுத்துப்போகும். பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள், இடைக்கிடை மடிப்பை மாற்றுங்கள், ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்திலேயே பட்டு வெடிக்கும்.

சொத்துப் பிரிப்பதற்கு எங்களுக்குச் சட்டத்தில் குறைவில்லை. ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமை முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்று வகை பிரித்து, எது யாருக்குப் போகும் என்று சொல்கிறது. அப்பாவின் கடிதக்கட்டு எந்த வகை என்று அதில் இல்லை. யாருக்கும் அதில் உரிமை இல்லை என்றபடியால் யாருக்கும் அதில் அக்கறையும் இல்லை, அதுதான் கடதாசிக்கு வந்த கேடு.

எங்கள் வீட்டில் கடதாசி எங்கே எங்கே இருந்தது என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மெத்தைக்குக் கீழே, சாமியறைப் படங்களுக்குப் பின்னால், அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில், றங்குப்பெட்டிக்குள். றங்குப்பெட்டியைச் சுவரோடு ஒட்டி நிலத்தில் வைத்திருந்ததால் கறையான் சுவர் வழியாக ஏறி, மூடி இடுக்கால் இறங்கி, ஒரு மூலையை மண்ணாக்கியிருந்தது. அதில் என்ன இருந்தது என்று இனித் தெரியாது. மிஞ்சியதை விறாந்தையில் பாய் விரித்துப் பரப்பி, மின்விசிறியைப் பக்கத்துச் சுவருக்குத் திருப்பிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்தேன்.

முதலில் வந்தது அம்மாவின் கணக்குக் கொப்பி. கெட்டி மட்டை போட்ட சி.ஆர். கொப்பி, 1989 இல் தொடங்குகிறது. இடது பக்கம் திகதி, நடுவில் சாமான், வலது பக்கம் காசு. மாசி மாதம் சீனி, தேயிலை, றேடியோவுக்குப் பற்றரி, சீட்டுக்காசு என்று ஒழுங்காக வரிக்கு ஒன்றாகப் போகிறது. 1990 நடுப்பகுதிக்குப் பிறகு பற்றரி என்ற சொல்லே இல்லை. வடக்குக்குக் கொண்டுவரக்கூடாத சாமான்களில் அதுவும் ஒன்று. சீனி இருந்த இடத்தில் பனங்கட்டி வருகிறது, மண்ணெண்ணெய் போத்தல் என்பது அரைப் போத்தல் ஆகி, கால் போத்தல் ஆகிறது. சவர்க்காரம் பாதி. கொஞ்சம் தள்ளிப் போனால் எழுத்தே சின்னதாகிறது. ஒரு கோட்டுக்குள் இரண்டு வரி எழுதியிருக்கிறா, பிறகு ஓரத்திலும் நெடுக்காக எழுதியிருக்கிறா. கொப்பி வாங்க முடியாத காலம். அந்த ஓரங்களில் மிச்சம் இருந்த இடத்தை அண்ணா பிடித்துப் பின்னக் கணக்குச் செய்திருக்கிறார், விடையும் பிழை. படத்தை அனுப்பினேன். கிடாரத்துக்கு அவ்வளவு கதைத்த மனிதர் இதற்கு ஒரு சொல்லும் எழுதவில்லை, அடுத்த நாள் "முழுக் கொப்பியையும் ஸ்கான் பண்ணி அனுப்பு" என்று மட்டும் வந்தது.

பொருளாதாரத் தடை என்று எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், நானும் வாசித்திருக்கிறேன். ஒரு வீட்டில் அது எந்தக் கிழமை எந்தச் சாமானில் வந்து தட்டியது என்று அந்தக் கொப்பியில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் கொளுத்துவதற்கென்று ஒதுக்கிய கும்பத்தில்தான் கிடந்தது, மட்டையில் எண்ணெய் ஊறி அசிங்கமாக இருந்தபடியால்.

அப்பாவின் கடிதங்கள் இன்னொரு மாதிரி. அப்பா கொழும்பில் கிளாக்கர், யாழ்தேவியில் மாதத்துக்கு ஒருமுறை வருவார், மற்ற நாட்களுக்குக் கடிதம். செத்தவர்களின் கடிதத்தைப் பிள்ளைகள் வாசிக்கலாமா? மாமியிடம் கேட்டேன். "நல்லதெண்டா வாசி, மற்றதெண்டா மூடு" என்றா, எது எதென்று வாசிக்காமல் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பயந்துகொண்டு பிரித்தால், காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை. முருங்கையில் மயிர்க்கொட்டி வந்தால் பிள்ளைகளைக் கிட்ட விடாதே, பின்வேலிக்குக் கிடுகு சொல்லியிருக்கிறேன், காசு மிச்சம் கொடுக்காதே, மூத்தவனுக்குக் காது வலி என்றாயே இப்போது எப்படி. பக்கம் பக்கமாக இதுதான். கடைசி வரியில் மட்டும் ஒவ்வொரு கடிதத்திலும் "இரவில் பின்கதவைப் பார்த்துப் பூட்டவும்." இவற்றை வைத்திருக்கிறேன். அம்மா அப்பாவுக்கு எழுதியவை ஒரு சின்னக் கட்டு தனியாக, சிவப்பு நாடாவால் முடிச்சுப் போட்டு இருந்தது. அம்மாவே போட்ட முடிச்சு. அதை அவிழ்க்கவில்லை, அக்கா வரும்போது அவவின் பொறுப்பு. கடதாசி எல்லாவற்றையும் வாசித்தே ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை, கொளுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

கல்வெட்டுகளுக்கு வருவோம். செத்தவீட்டுக்குப் போய் அந்தியேட்டிக்கும் போனால், முப்பத்தோராம் நாள் சாப்பாட்டோடு கையில் ஒரு நினைவுப் புத்தகம் தருவார்கள், அதுதான் கல்வெட்டு. முன்பக்கத்தில் படம், உள்ளே பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, பேரப்பிள்ளைகளின் புலம்பல். வீட்டுக்கு வீடு இவை குவிந்து கிடக்கின்றன. எறிய ஒருவருக்கும் கை வராது, உள்ளே தேவாரமும் செத்தவரின் முகமும் இருக்கின்றனவே. வாசிக்கவும் மாட்டார்கள். ஆனால் வம்சாவளிப் பக்கத்தை மட்டும் பாருங்கள்: யார் எந்த ஊரில் கலியாணம் செய்தார், யார் மலாயாவுக்குப் போனார், எந்தக் கோவிலுக்கு யார் மணி வாங்கிக் கொடுத்தார் என்று வேறெங்கும் அச்சில் வராத விசயங்கள் அதில் இருக்கும். நூலக நிறுவனம் 2005 இலிருந்து ஈழத்து எழுத்துக்களை ஸ்கான் செய்து இணையத்தில் போட்டு வருகிறது, அதில் நினைவு மலர்களுக்கும் ஒரு பகுதி உண்டு. நான் ஒரு பெட்டி நிறையக் கட்டி அவர்களிடம் கொடுக்க ஒதுக்கியிருக்கிறேன், சொந்தக்காரர்களின் சிலதை மட்டும் வைத்துக்கொண்டேன். 'மல்லிகை' சஞ்சிகையின் பழைய இதழ்களும் அதற்குள் இருந்தன. 1981 இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 அளவில் புத்தகங்கள் போயின என்று வருடா வருடம் நினைவுகூருகிறோம், நல்லது, நினைவுகூரத்தான் வேண்டும். அதே கிழமை பின்வளவில் அப்பப்பாவின் பெட்டியைக் குப்பையோடு கொளுத்துகிறோம். அதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

வைத்திருப்பது என்றால் எப்படி வைப்பது என்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மூட்டையாகக் கட்டி வேறொரு மூலையில் போட்டு அதே கறையானுக்குப் படைப்பதுதான் நடக்கும். முதலில் கம்பிப்பின், குண்டூசி, ரப்பர் பாண்ட் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கம்பி துருவேறித் தாளைத் தின்னும், ரப்பர் உருகி ஒட்டும். பெட்டியைச் சுவரைத் தொடாமல் கல்லின் மேல் வையுங்கள். ஐப்பசி முதல் மார்கழிவரை ஊரே ஈரமாக இருக்கும், அந்த மாதங்களில் திறந்து பரப்பாதீர்கள், மாசிக்குப் பிறகு நிழலில் காற்றுப் பட விடுங்கள், வெயிலில் வேண்டாம். முக்கியமாக, தயவுசெய்து லமினேற் பண்ணாதீர்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு பத்திரம் கிடைத்தால் அடுத்த வேலை லமினேற் கடைக்கு ஓடுவதுதான். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு கழற்ற முடியாது, உள்ளே தாள் மஞ்சளாகும்போது பார்த்துக்கொண்டுதான் இருக்கலாம்.

அல்பங்களில் அந்தப் பசைத்தாள் அல்பம்தான் மோசம், மேலே பிளாஸ்டிக் தாள் மூடுகிற வகை. எண்பதுகளில் கலியாண வீடுகளுக்கெல்லாம் அதைத்தான் கொடுத்தார்கள். பசை படத்துக்குள் ஏறி மஞ்சளாக்கிவிடும். தையல் நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையில் மெல்ல அறுப்பது போல இழுத்தால் பெரும்பாலும் கழன்று வரும், வராவிட்டால் இழுக்காமல் அப்படியே படமெடுத்து விடுவது நல்லது. அப்பப்பா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் கூராக இருக்கின்றன, பிறகு வந்த கலர்ப் படங்களில்தான் எல்லோரும் செம்மண்ணில் குளித்தவர்கள் மாதிரி நிற்கிறோம். ஸ்கான் செய்யும்போது பின்பக்கத்தையும் செய்யுங்கள், எழுத்து அங்கேதான் இருக்கும்.

வீடியோக் கசற்றுகளுக்கு எனக்குப் பொறுமை இல்லை. அக்காவின் கலியாணத்தை மட்டும் டவுனில் ஒரு கடையில் கொடுத்து மாற்றினேன், பூஞ்சணம் பிடித்திருந்ததால் தாலி கட்டும்போது படம் துள்ளுகிறது. ஜப்பானின் ஃபூனாய் நிறுவனம் 2016 இல் வீடியோ டெக் உற்பத்தியை நிறுத்திய பிறகு புது டெக் வாங்கவும் வழியில்லை, ஆகவே வைத்திருப்பவர்கள் நாளைக்கு என்று தள்ளாமல் மாற்றுங்கள். மற்றக் கசற்றுகள் குப்பைக்குப் போயின, அதில் எனக்குக் கவலையும் இல்லை.

கடைசியாக விறாந்தைச் சுவரில் வரிசையாக நின்ற படங்கள். செத்தவர்களைக் கண்ணாடி போட்டு மாட்டி, பொட்டு வைத்து, சின்ன பல்ப் எரியவிடுகிற வீடுகளில் எங்களதும் ஒன்று. வாடகைக்கு வருகிறவர்கள் எங்கள் கொப்பாட்டனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. கழற்றும்போது மாமி வந்து நின்றா. "படத்தைக் கழட்டினா வீட்டிலை ஒருத்தரும் இல்லாத மாதிரியெல்லோ கிடக்கு" என்றா. உண்மைதான், ஒருத்தரும் இல்லைத்தானே என்று சொல்ல வந்து விழுங்கிவிட்டேன். அம்மா அப்பா படங்கள் என் வீட்டுக்கு வருகின்றன. மற்றதைச் சட்டத்திலிருந்து எடுத்து, பின்னால் பென்சிலால் பெயர் எழுதி, தாள் உறையில் போட்டேன். பேனை வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும்.

கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் மட்டும் யாரென்று தெரியவில்லை. பின்னால் எழுத்தில்லை. மாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, கொப்பாட்டனின் தம்பி, மலாயாவில் றெயில்வேயில் இருந்தவர், அங்கேயே போய்விட்டார் என்றா. படத்தைக் குழுவில் போட்டேன். அண்ணாவுக்கு ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அது அம்மம்மாவின் தாய்மாமன், புகையிலை வியாபாரம் செய்தவர், அப்பா தன்னிடம் சொன்னது தனக்கு நல்ல ஞாபகம் என்கிறார். மாமியிடம் சொன்னால், "கொண்ணருக்கு என்ன தெரியும், அவன் அப்ப மேசைக்குக் கீழை திரிஞ்சவன்" என்கிறா. புகையிலை வியாபாரி அந்தக் கோட்டைப் போடமாட்டார் என்பது மாமியின் வாதம், றெயில்வேக்காரர் அந்த மீசையை வைக்கமாட்டார் என்பது அண்ணாவின் வாதம். அக்கா இரண்டுக்கும் கையுயர்த்திப் படம் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டா. இரண்டு பெயரையும் யார் சொன்னார் என்பதோடு பென்சிலில் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன். மாமி அந்தக் கேள்விக்குறியை அழிக்கச் சொல்கிறா.